டி.சி. வாங்கச் சொல்வதற்கு முன்

வேங்கிக்கால் சுற்றுவட்டாரப் பெற்றோர், ஆசிரியர்கள், பள்ளி நிர்வாகிகள், அக்கம்பக்கத்தார் அனைவருக்கும்,

"உங்க பையன் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான். மத்த பிள்ளைங்களையும் படிக்க விட மாட்டேங்கிறான். வேற ஸ்கூல் பாத்துக்குங்களேன்." இதைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பிய பெற்றோர்களும், அத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து எழுதும் வேண்டுகோள் இது. எந்தப் பள்ளியின் பெயரையும் இதில் சொல்லப்போவதில்லை.

கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, மருத்துவர்கள் சொல்லும் சுருக்கப் பெயரில் ஏடிஹெச்டி, பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருப்பதாக உலக அளவிலான ஆய்வுகள் சொல்கின்றன. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய இரண்டு பேர். செல்போனால் வந்தது, செல்லம் கொடுத்ததால் வந்தது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் விரிவுரை நிகழ்த்தியது 1902-ல். அப்போது செல்போன் ஏது? மூளை கவனத்தைப் பிடித்து வைப்பதிலும் அவசரத்தை அடக்குவதிலும் இருக்கும் வேறுபாடு இது. பெரும்பாலும் பிறவியோடு வருவது. ஓடி ஆடுகிற பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைக்கும் இதே குறைபாடு இருக்கலாம். அவளை "மந்தம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கியதா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளியிலும் தெரிகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். பள்ளியில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை வகுப்பாசிரியர்தானே சொல்ல முடியும்? ஆசிரியர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் மருத்துவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். எனவே ஆசிரியர்களிடம் எங்கள் முதல் கோரிக்கை: "கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள். எந்தப் பாட வேளையில், எவ்வளவு நேரம், எதைச் செய்யும்போது என்று எழுதினால் போதும். நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டியதில்லை. பெற்றோர்களே, கண்ணையும் காதையும் ரத்தசோகையையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். போர்டு தெரியாத பிள்ளையும் கவனிக்காமல்தான் உட்கார்ந்திருக்கும். தாயத்து கட்டுவதையோ கிரிவலம் சுற்றுவதையோ யாரும் தடுக்கவில்லை. அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கும் போய்வாருங்கள்.

இனி சிக்கலான இடம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. ஏடிஹெச்டி பெயர் சொல்லி இல்லை. அதனால் போகிற இடமெல்லாம் "சர்டிஃபிகேட் இருக்கா?" என்ற கேள்வியில் பெற்றோர் சிக்கிக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் எழுதுவதிலும் கற்றல் குறைபாடு சேர்ந்தே இருக்கும். அதைச் சோதித்துச் சான்று பெற்றால், அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதைப் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து தேடி ஓடாதீர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

ஆனால் சான்றிதழ் இல்லாமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள உரிமைகளை நம்மில் பலர் மறந்துவிட்டோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு அடியையும் மனதளவிலான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. மற்றத் தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பள்ளிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் "சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. பெற்றுக்கொள்கிறேன்" என்று பெற்றோரிடமே எழுதி வாங்குகிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள்.

என்ன உதவி? முன் வரிசையில், ஆசிரியருக்குப் பக்கத்தில் இடம். ஒரு நேரத்தில் ஒரே வேலை. பத்துக் கணக்கை மொத்தமாகக் கொடுக்காமல் மூன்று மூன்றாக. நடுவில் நோட்டுகளை அடுக்கவோ கரும்பலகை துடைக்கவோ எழுப்பி விடுவது. வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிக்கொண்டானா என்று மணி அடிக்கும்முன் ஒரு பார்வை. செய்த நல்லதை அன்றைக்கே சொல்வது. இவற்றுக்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். விளையாட்டு பீரியடைப் பிடுங்குவது மட்டும் வேண்டாம்; அவனுக்கு மிகவும் தேவையானதே அந்த நாற்பது நிமிடம்தான். மாத்திரை தேவையா என்பது மருத்துவரும் பெற்றோரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. "மாத்திரை போட்டுட்டு வந்தாத்தான் உள்ளே விடுவோம்" என்று சொல்லும் உரிமை எந்தப் பள்ளிக்கும் இல்லை.

ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே கூறிவிட்டது. இங்கோ வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள், தொகுப்பூதியத்தில், ஊர் ஊராகச் சுற்றி வருகிறார்கள். இதைக் கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே வேங்கிக்காலில்தான் இருக்கிறது. திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாளில், பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் வெளியூர்க்காரர்கள் விடியற்காலை பஸ் பிடித்து வருகிற இடத்துக்கு நாம் நடந்தே போகலாம். சிறப்பாசிரியர் பணியிடங்களை நிரப்பக் கோரும் மனுவோடு நாங்கள் போகிறோம். கையெழுத்துப் போட வாருங்கள். பள்ளித் தொடர்பான உதவிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

கடைசியாக, மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு. "அந்தப் பையனை அனுப்புங்க, இல்லேன்னா நாங்க எங்க பிள்ளைய எடுத்துடுவோம்" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது நீங்கள்தான். தலைமையாசிரியரை டி.சி.யில் கொண்டு நிறுத்துவது பல நேரங்களில் அந்த ஒரு செய்திதான். உங்கள் பிள்ளையின் பென்சிலை அவன் பிடுங்கியிருக்கலாம், தள்ளியும் விட்டிருக்கலாம். அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். குழுவில் பெயர் போட்டு எழுதாதீர்கள். அரசுப் பள்ளிப் பெற்றோர்கள், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, இந்தப் பிள்ளைகளுக்கான உதவியைத் தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
வேங்கிக்கால் வட்டாரப் பெற்றோர்களும் ஆசிரியர்களும்