ஜவ்வாதுமலைக்கு மரச்சாயப் பட்டறை வேண்டும்!

மரத்துக்கு அழகு எது? ரேகைதான்! பலகையை இழைப்புளியால் இழைத்துவிட்டால், ஆற்று மணலில் அலை ஓடினது போலக் கோடு கோடாகத் தெரிகிறதே, அதுதான் ரேகை. இந்த ரேகையும் நிறமும் கொண்ட ஒரு மரத்துக்காக இருபது பேர் செத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி அது நடந்தது. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திர அதிரடிப்படையினர் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக் கூலி ஆட்களே அவர்களில் அதிகம். ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீசார் கூறினார்கள். பிடித்து வைத்துச் சுட்டதாக மனித உரிமை இயக்கத்தார் கூறினார்கள். தேசிய மனித உரிமை ஆணையமும் இதைக் கையில் எடுத்தது.

செம்மரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அதன் வைரக்கட்டை ரத்தச் சிவப்பாக இருக்கும். சீனாவில் மன்னர் காலம் தொட்டே அரண்மனைச் சாமான்களுக்கு இதில் மோகம். ஜப்பானில் "ஷாமிசென்" என்ற மூன்று தந்தி வாத்தியத்துக்குத் தண்டு செய்ய இதைத் தேடுகிறார்கள். அதிலும் ரேகை அலை அலையாக ஓடும் கட்டைக்குத்தான் கிராக்கி. இயற்கையாக இந்த மரம் வளருவதோ தென் ஆந்திர மலைகளிலும் அதை ஒட்டிய சில இடங்களிலும் மட்டுமே. 1995-ம் ஆண்டு முதல் சர்வதேச ஒப்பந்தப்படி இதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. சரக்கு அரிது, ஆசை பெரிது. கடத்தல்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

அவன் காட்டுக்குள் போவதில்லை. தரகரை மலைக்கு அனுப்புகிறான். முன்பணம் கைமாறுகிறது. கோடாரி தூக்குகிறவன் மலைவாசி. ஜெயிலுக்குப் போகிறவனும் அவனே. குண்டடிபட்டுச் சாகிறவனும் அவனே.

கடுக்காய் செய்யும் வித்தை

நிறமும் ரேகையும்தான் வேண்டும் என்றால், சாதாரண மரத்திலேயே அவற்றை எழுப்பிக் காட்டலாம். அதற்கு வேண்டிய சரக்கு ஜவ்வாதுமலையிலேயே விளைகிறது. அதுதான் கடுக்காய்!

கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்து எழுதும் மை இந்த முறையில் பிறந்ததுதான். காளஹஸ்தி கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான். துணியைக் கடுக்காய்ப் பாலில் நனைத்து, வெல்லத்தில் ஊறிய இரும்பு நீரால் கோடு இழுக்கிறார்கள். (அந்தக் காளஹஸ்தி, சேஷாசலம் காட்டுக்குப் பக்கத்து ஊர் என்பது விசித்திரம்தான்!)

மரத்துக்கும் அதே வித்தை. கொட்டை நீக்கிய கடுக்காயை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்ட வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் காடியை ஊற்றிப் பழைய ஆணிகளைப் போட்டுச் சில நாள் வைக்க வேண்டும். வாயு கிளம்பும், ஆகவே மூடியை இறுக்கக் கூடாது. பலகையை ரேகை போகும் போக்கிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் நார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் மறுபடி மெல்லத் தேய்க்க வேண்டும். பிறகு கடுக்காய் நீர் பூசி, அது காய்ந்ததும் இரும்பு நீர் பூசினால், பார்த்துக் கொண்டிருக்கும்போதே மரம் கறுக்கும்! இரும்பு நீரில் தண்ணீர் கலந்தால் சாம்பல் நிறம். கலக்காமல் பூசினால் கருங்காலி நிறம்.

ரேகை எப்படி எழுகிறது? தேக்கு, மலைவேம்பு போன்ற மரங்களில், வேகமாக வளர்ந்த காலத்துக் கட்டை துளை துளையாக இருக்கும். மெதுவாக வளர்ந்த காலத்துக் கட்டை இறுகி இருக்கும். துளை உள்ள இடம் சாயத்தைக் குடிக்கிறது. இறுகிய இடம் அவ்வளவாகக் குடிப்பதில்லை. அதனால் மறைந்து கிடந்த கோடு பளிச்சென்று தெரிகிறது. அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியால் நாலைந்து முறை தேய்த்து மெருகேற்றினால் கண்ணைப் பறிக்கும்.

சிவப்பு வேண்டுமா? சப்பங்கக் கட்டை இருக்கிறது. படிகாரத்தோடு சேர்ந்தால் நல்ல சிவப்பு. பத்தமடைப் பாய்க்கு முன்பு சிவப்பு ஏற்றியது அந்தக் கட்டைதான். ஆனால் வெயிலில் மங்கிவிடும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி, அலமாரிக்கு ஏற்றதே தவிர வாசல் கதவுக்கு உதவாது.

பெயிண்ட் வேறு, சாயம் வேறு. பெயிண்ட் மரத்தை மூடும். சாயம் மரத்துக்குள் போகும். நம்மில் பலர் கடன் வாங்கித் தேக்குக் கதவு போடுகிறார்கள். பிறகு அதன்மேல் சாக்லேட் கலர் பெயிண்டை அப்பி விடுகிறார்கள். அதற்குத் தேக்கு எதற்கு? தகரமே போதுமே!

மலைக்கு என்ன லாபம்?

ஜவ்வாதுமலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர் பெற்றது. திருட்டு வெட்டு அதைக் குறைத்துவிட்டது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை பயிரிடுகிறார்கள். தேன், புளி, கடுக்காய் சேகரிக்கிறார்கள். கடுக்காய் முன்பு தோல் பதனிட ஏராளமாகப் பயன்பட்டது. மலையடிவாரத்துப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூரில் அந்தத் தொழில் பெரிது. பிறகு குரோமிய உப்பு வந்து கடுக்காயைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. இப்போது மலைவாசி அதைச் சரக்காகவே விற்றுவிடுகிறான். அதைச் சாயமாக்கி, பலகையில் ஏற்றி, மேஜையாக விற்றால் வரும் காசு அவனுக்குப் போவதில்லை.

இது நியாயமா? நியாயமில்லை. ஆகவேதான் மலையில் ஒரு மரச்சாயப் பட்டறை வைக்க வேண்டும் என்பது. மலைவேம்பும் மாமரமும் வெளிர்ந்த மரங்கள். தோட்டத்தில் வளர்பவை, காட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

சாயம் ஏற்றிய மாம்பலகையை ஈட்டி என்று சொல்லி ஏமாற்றமாட்டார்களா என்று கேட்கலாம். ஏமாற்றுகிறவர்கள் இன்றைக்கும் கடைத்தெருவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு சாமானின் அடியிலும் மரத்தின் பெயரைச் சூடு போட்டு விற்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சாயப் பலகையைப் பார்த்துச் சீனத்துச் செல்வர் செம்மர ஆசையை விட்டுவிடுவாரா? விடமாட்டார்தான். ஆனால் உள்ளூரில் மாதம் தவறாமல் கூலி கிடைக்கும் வாலிபனிடம் தரகரின் முன்பணம் அவ்வளவு சுலபமாகப் பேசாது. ஒரு கொட்டகை, இரண்டு கடைசல் இயந்திரம், அனுபவமுள்ள ஓர் ஆசாரி. தொடங்க இவ்வளவு போதும். செலவு சர்க்காருக்குப் பெரிதல்ல.

ஜவ்வாதுமலைக் காவலூரில் விண்மீன் பார்க்க 1986-ம் ஆண்டிலேயே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி வந்துவிட்டது. மலைக்கு அவ்வளவு பெரிய கண்ணாடியைக் கொண்டுபோக முடிந்தவர்களால் பத்து உளியும் நாலு இழைப்புளியும் கொண்டுபோக முடியாதா? மலையிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய பெஞ்சும் மேஜையும் அந்தப் பட்டறையின் முதல் ஆர்டராக இருக்கட்டும்.