குழாயைக் கைவிட்டவர் யார்?

அரசு அலுவலரை அச்சுறுத்த வேண்டுமென்றால், 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று மேலதிகாரி மிரட்டுவது ஒரு காலத்துத் தமிழ்நாட்டு வழக்கு. அந்தக் காடு எது என்று எவரும் கேட்டதில்லை. இராமநாதபுரம் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பழிச்சொல்லைக் கேட்டு நாம் சினந்ததுண்டு. ஆனால் இன்று நாம் நாண வேண்டியது வேறொன்றுக்காக. தண்ணீர் வந்த பின்னரும், அதைக் குடிக்க அஞ்ச வேண்டிய நிலையில் விட்டு வைத்திருக்கிறோமே, அதற்காக!

இக்கடற்கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். ஆயினும் நம் முன்னோர் தாகத்தால் மாண்டு போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை ஊரணிகளில் தேக்கினார்கள். மணலில் இறங்கிய மழைநீர், கனம் மிகுந்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்து, ஆழ வெட்டாமல் மேலாகத் தோண்டி நன்னீர் எடுத்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டில், மீனவ மக்கள் இந்த முறையில்தான் நீர் எடுத்து வந்தனர். குடிநீர் ஊரணியில் கால் கழுவலாகாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. செல்வரும் ஏழையும் அதையே குடித்தனர். ஆகவே எல்லாருமே அதைக் காத்தனர்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1990களில் நரிப்பையூரில், நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் திட்டத்துடன் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. 2009-இல் 600 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திருச்சிப் பக்கத்துக் காவிரி நீர் இராமநாதபுரம் மாவட்டத்தை எட்டியது. காவிரி கடைமடையையும் தாண்டி இந்த வறண்ட கரைக்கு வந்தது சிறிய சாதனையன்று.

அத்தனை தொலைவு கடந்து வந்த நீர், எங்கள் தெருவின் கடைசிக் குழாயில் எப்படி வருகிறது தெரியுமா? சில நாட்களுக்கு ஒரு முறை, சில மணி நேரம் மட்டும் வருகிறது. முதல் இரண்டு குடம் கலங்கல், சாக்கடை வாடை. பெண்கள் அதைக் கீழே கொட்டிவிட்டு மூன்றாவது குடத்தைப் பிடிக்கிறார்கள்.

காரணம் மாயமன்று. நீர் நிறைந்து அழுத்தத்துடன் ஓடும் குழாயில் விரிசல் இருந்தால், உள்ளிருக்கும் நீர் வெளியே கசியும். நீர் நின்று குழாய் வெறுமையானால், வெளியிலுள்ள அழுக்கு உள்ளே கசியும். சாக்கடையை ஒட்டியே குழாய் பதித்திருக்கும் ஊரில் உள்ளே வருவது என்னவென்று சொல்லவும் வேண்டுமோ? இதற்கு மேல், தெருவின் முகப்பிலுள்ள மாடி வீடுகள் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகின்றன. உறிஞ்சும்போது வருவது காவிரி மட்டுமன்று; கடைசி வீட்டுக்காரியின் பங்கும் வருகிறது, சாக்கடையும் வருகிறது.

அந்த மாடி வீட்டார் அதைக் குடிப்பதில்லை! குளிக்கவும் துவைக்கவும் காவிரி. குடிப்பதற்கு வண்டித் தண்ணீர், கேன் தண்ணீர். 'காசுள்ளவன் வாங்கிக் குடித்தால் உமக்கென்ன நட்டம்?' என்று கேட்பார்கள். நட்டம் இதுதான்: நகராட்சியில் போய் நின்று கேட்டால் பதில் பெறக்கூடிய வாய்கள் அனைத்தும் விலைத் தண்ணீரால் அடைக்கப்பட்டுவிட்டன. கேட்கச் செல்வாக்கில்லாத ஏழையிடம் குழாய் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. குழாய் கெட்டதால் செல்வர் அதைக் கைவிட்டார் என்பது பாதி உண்மை. செல்வர் கைவிட்டதால் அது மேலும் கெட்டது என்பது மறுபாதி.

வாங்கிக் குடிப்பவராவது பிழைத்தாரா? வண்டிக்காரர் கொண்டுவரும் நீர் இனிக்கிறது. ஆகவே தூயது என்று நம்புகிறோம். நாக்கு உப்பைக் காணும்; கிருமியைக் காணாது. அந்த இனிப்பு நீரும் உப்புநீரின் மேல் மிதக்கும் அதே நன்னீர்தான். அதை மோட்டார் வைத்து வரம்பின்றி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். அப்போது வண்டிக்காரரும் என்ன செய்வார்?

மதீனாவில் ரூமா என்ற கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பத்தை உணர்ந்து, உதுமான் (ரலி) அவர்கள் அக்கிணற்றையே வாங்கிப் பொதுமக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். தம் வீட்டுக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்ள அந்தச் செல்வரிடம் பொருள் இல்லாமலா போயிற்று? இவ்வரலாற்றை மேடையில் கேட்டு மெய்சிலிர்க்கும் நாம், வீடு திரும்பியதும் மோட்டாரைப் போடுகிறோம்!

'இந்த நாட்டில் குழாய் நீரை அப்படியே குடிப்பது நடக்கிற காரியமா?' என்பாரும் உளர். ஒடிசாவின் புரி நகரைப் பாருங்கள். இராமேசுவரத்தைப் போலவே கடலோரம். அதைப் போலவே யாத்திரிகர் கூட்டம். அங்கே 2021 ஜூலையில், குழாயில் பிடித்து அப்படியே குடிக்கத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டம் தொடங்கியது. குழாய் ஒருபோதும் வெறுமையாகாததால், அழுக்கு உள்ளே புக வழியில்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலில், குழாயில் பொருத்திய மோட்டாரை அவரவரே கழற்ற வேண்டும். பிறரைக் குறைகூறும் தகுதி அதன் பிறகே வரும். அடுத்து, நீரைத் தொட்டியில் அன்று, தெருவின் கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 100 மில்லி நீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம், வேறு வழியில்லாவிடில் 2000 வரை பொறுக்கலாம். சோதனை முடிவை மாதந்தோறும் நகராட்சி வாயிலிலும், பள்ளிவாசல், கோயில், தேவாலய முகப்புகளிலும் எழுதி வைக்கட்டும். மூன்றாவதாக, இடைவிடாத வழங்கலைக் கேட்டுப் பெறும்வரை ஓயலாகாது.

வசதி படைத்த அன்பரே! அடுத்த முறை தண்ணீர் திறக்கும் நாளில், உங்கள் தெருவின் கடைசிக் குழாயடியில் சற்று நேரம் நின்று பாருங்கள். அங்கே பிடிக்கும் முதல் குடத்து நீரை உங்கள் பேரக்குழந்தைக்குக் கொடுக்கத் துணிவீர்களா? துணியமாட்டீர்கள் என்றால், அந்தக் குடத்தைச் சுமந்து போகிறவளுக்கும் ஒரு குழந்தை உண்டு என்பதை நினைத்தபடி நகராட்சிக்கு நடந்து செல்லுங்கள்.