பட்டிப்பொலவின் கல்மழை

மலைநாட்டு இருப்புப்பாதையில் அம்பேவெலைக்கும் ஒகியாவுக்கும் இடையே அமைந்த சிறு நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் உள்ள இதனைவிட உயர்ந்த புகைவண்டி நிலையம் இலங்கையில் வேறில்லை. அடுத்துள்ள சுரங்கத்தின் இப்பால் மூடுபனியும் அப்பால் இளவெயிலுமாக இருப்பதைப் பயணிகள் பலகாலும் கண்டு வியப்பர்.

இத்தகைய ஊரில் கல்மழைக்கென ஒரு காலம் உண்டு. பருவக்காற்றுகள் இரண்டும் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களும் ஐப்பசியுமே அக்காலம். காலையில் வெயில் சுள்ளென்று எரிக்கும். நண்பகல் கடந்ததும் மேகம் கோபுரம்போல் எழும். பின்னர் இடி முழங்கும். தகரக் கூரைமேல் சடசடவென்று கல் விழும். பிள்ளைகள் குவளையேந்தி முற்றத்துக்கு ஓடுவார்கள். சிறிது நேரத்தில் யாவும் கரைந்து போகும்.

பழந்தமிழர் இதனை ஆலி என்றனர். நாம் ஆலங்கட்டி என்கிறோம். தை மாதத்து உறைபனியோடு இதனை மயங்கலாகாது. உறைபனி, தெளிந்த இரவில் தரை குளிர்வதால் புல்லின்மேல் படிவது. ஆலங்கட்டியோ வெப்பத்தின் பிள்ளை. சூடேறிய காற்று நீர்த்துளிகளை மேலே தூக்கிச் செல்கிறது. நம் நாட்டு வானில் ஏறத்தாழ 16,000 அடிக்கு மேலேதான் நீர் உறையும் குளிர் உண்டு. அங்கே உறைந்த மணியின்மேல் மேலும் மேலும் நீர் படிந்து உறைய, கல் பருக்கிறது. காற்றால் தாங்க இயலாதபோது வீழ்கிறது. கொழும்பை நோக்கி விழும் கல் பெரும்பாலும் வழியிலேயே கரைந்து மழையாகிவிடும். பட்டிப்பொலவோ அவ்வழியில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் ஏறி நிற்கிறது. ஆகவே கரையப் போதிய நேரமின்றிக் கல் கல்லாகவே வந்து சேர்கிறது.

பிள்ளைகளுக்கு விளையாட்டாகும் இது, பயிருக்குப் பகை. லீக்ஸ், கோவாப் பாத்திகள் கிழிபடும்; தேயிலைக் கொழுந்து நைந்து கருகும். கென்யா நாட்டின் கெரிச்சோத் தேயிலை மலைகளில் ஓராண்டில் 132 நாட்கள் கல்மழை பெய்ததுண்டு. உயிரையும் அது விடுவதில்லை. 1888 ஏப்ரல் 30 ஆம் நாள் வட இந்தியாவின் மொரதாபாத்தில் கல்மழையால் 246 பேர் மாண்டனர். 1986 இல் வங்காள தேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த கல் ஒன்று ஒரு கிலோவுக்கும் சற்று அதிக நிறையுடையதாயிருந்தது.

நம் மலைகளில் அவ்வளவு பெரிய கல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சத்தக்கவை அதனுடன் வரும் மின்னலும், மலையை ஊறவைக்கும் அடைமழையுமே. கூடையின் நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகுமே என்று, இடி கேட்ட பின்னும் கொழுந்து மலையைவிட்டு இறங்கத் தயங்கும் தாய்மார் உளர். அவர்கள் போர்த்தும் கம்பளி மழையைத் தாங்கும், மின்னலைத் தாங்குமா?

மழையின் கொடுமையையும் நாம் அறிவோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பலரை விழுங்கியது மலைநாட்டின் மண்சரிவே.

மாணவ மணிகளே! மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே வீட்டினுள் புகுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப்பின் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். இதனை மலைக்குச் செல்லும் அம்மாவுக்கும் சொல்லுங்கள். இடி கேட்டால் வேலையை நிறுத்துவதும், நிறுத்திய நேரத்துக்காகப் பேரைக் குறைக்காதிருப்பதும் தோட்டத்தை நடத்துவோர் கடமை.

மற்றொன்றும் செய்யலாம். ஒரு குறிப்பேட்டை எடுங்கள். கல் விழுந்த நாள், நேரம், அதன் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். அப்பாயியும் தாத்தாவும் கண்ட மழைகளையும் கேட்டு எழுதுங்கள். விழுந்த கல் கரைந்துவிடும். எழுதி வைத்தது நிற்கும். எங்கே மண் வெடித்தது, எந்த ஊற்று கலங்கியது என்ற பழைய குறிப்பு ஒன்று, நாளை ஒரு லயத்தையே காக்கக்கூடும்.