ஏட்டில் ஓடும் எந்திரம்!

மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். 50 கிலோ மூட்டையை லாரித் தட்டில் ஏற்ற வேண்டும், கைகொடுக்க ஆளில்லை, என்ன செய்வீர் என்று. "பலகையைச் சாய்த்துப் போட்டுத் தள்ளி ஏற்றுவேன்" என்பார். "பலகை நீளமாயிருந்தால் பாரம் தெரியாது" என்றும் சேர்த்துச் சொல்வார். கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஆனால் தோள் கற்றுத் தந்த பாடம் அது!

அதே பாடம் பொறியியல் கல்லூரியின் முதலாண்டிலும் வருகிறது. எப்படி வருகிறது? கரும்பலகையில் ஒரு முக்கோணம். பக்கத்திலே சைன் தீட்டா. மாணவன் எழுதிக்கொள்கிறான், உருப்போடுகிறான், தேர்வில் கக்குகிறான், மறந்து போகிறான். மூட்டையும் இல்லை, பலகையும் இல்லை, லாரியும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். ஏட்டில் ஓடும் எந்திரம் மட்டும் ஆலைக்கு உதவுமா?

இதை மாற்ற வழியுண்டு. முதற் பருவத்திலேயே ஐந்தாறு மாணவரை ஒரு குழுவாக்குங்கள். "இடுப்பொடிய மூட்டை ஏற்றுகிறார் ஒரு தொழிலாளி, அவர் பாரத்தைக் குறைக்க ஒன்று செய்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். லாரித் தட்டின் உயரம் 1.2 மீட்டர். பலகை 3.6 மீட்டர். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தள்ள வேண்டிய விசை மூட்டை எடையில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 17 கிலோ தூக்குகிற அளவு. காகிதத்தில் கணக்கு முடிந்தது. பலகையில் மூட்டையை வைத்துத் தள்ளினால்? நகர மறுக்கிறது! ஏன்? அப்போதுதான் உராய்வு என்பது சொல்லாக இல்லாமல் பொருளாக அவன் முன் நிற்கிறது. உருளை பொருத்துகிறான். பலகை வளைகிறது. எவ்வளவு கனம் வேண்டும்? அங்கே பொருள்களின் வலிமை பற்றிய பாடம் வருகிறது. கனமான பலகையை ஒருவர் தூக்கிப் போட முடியுமா? விலை என்ன ஆகும்? அங்கே சிக்கனம் வருகிறது. தேவை முன்னே நடக்கிறது. பாடம் பின்னே ஓடி வருகிறது!

இது கனவல்ல, அரை நூற்றாண்டாக நடந்து வருகிற காரியம். டென்மார்க் நாட்டின் வடபகுதியிலே ஆல்போர்க் என்றொரு ஊர். சிமெண்டும் கப்பல் கட்டும் தொழிலும் வளர்த்த ஊர். அங்கே 1974-இல் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. ஒவ்வொரு பருவத்திலும் ஏறத்தாழ பாதி நேரம் பாடம், பாதி நேரம் குழுவாகச் செய்யும் திட்டவேலை. புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு முதற் சில வாரங்களிலேயே சிறியதொரு திட்டம். செய்து, தடுமாறி, தவறு கண்டு, பிறகு பெரிய திட்டம். 2014-இல் யுனெஸ்கோவின் ஆதரவில், இம்முறைக்கென்றே ஓர் ஆய்வு மையம் அங்கே தொடங்கிற்று.

அங்கும் இடையூறு வராமலில்லை. குழுவாகச் செய்த வேலைக்குக் குழுவாகவே வாய்மொழித் தேர்வு நடந்தது. ஆனால் மதிப்பெண் ஆளுக்காள் தனித்தனி. யார் உழைத்தார், யார் ஒட்டிக்கொண்டார் என்பது நேருக்கு நேர் கேட்கும் கேள்வியிலே வெளிப்பட்டுவிடும். அன்றைய வலதுசாரிக் கூட்டணி அரசுக்கு அது பொறுக்கவில்லை. தனி மனிதன் திறமையைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, 2007-இல் குழுத் தேர்வுக்குத் தடை போட்டது. சேர்ந்து செய், ஆனால் தனியாகப் பதில் சொல் என்றது! 2011-இல் ஆட்சி மாறிற்று. அதன் பின்னரே தடை நீங்கிற்று. தேர்வு முறையிலும் அரசியல் உண்டு, தோழர்களே! கூடி உழைப்பதை மதிப்பதா, மறைப்பதா என்ற அரசியல்!

நம் நாட்டுக்கு வருவோம். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் விதை 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. மாணவர் எட்டே பேர். கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் தேவை. எனவே வேலைக்கென்றே பிள்ளைகளைப் பழக்கினார்கள். வரி வசூலிக்க வந்தவனுக்குத் தெரிந்தது, சுதந்திர நாட்டுக்குத் தெரிய வேண்டாமா?

பட்டறை வகுப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. முதலாண்டு மாணவன் மரத்தை அறுத்து ஒரு மூட்டு செய்கிறான். இரும்பை ராவி இன்னொரு மூட்டு செய்கிறான். மதிப்பெண் வாங்குகிறான். அந்த மூட்டு எந்த மேசைக்கு? எந்த எந்திரத்துக்கு? எதற்கும் இல்லை! மூலையில் குவிகிறது. கை பழகுகிறது, கருத்து பழகவில்லை.

இறுதியாண்டுத் திட்டம் உண்டே என்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் திட்டவேலையைச் செய்து விற்கும் கடைகளும் உண்டு! பணமுள்ளவன் வாங்கி வந்து மேசையில் வைக்கிறான். இல்லாதவன் கடன் வாங்குகிறான். மூன்றாண்டு செய்யப் பழக்காமல் நான்காம் ஆண்டில் செய் என்றால், கடைக்குப் போகாமல் எங்கே போவான்?

இன்று யார் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள்? 2010-இல் அமைப்பியலும் இயந்திரவியலும் தமிழ் வழியில் தொடங்கின. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. தறிக்காரர் மகள் வருகிறாள். கொத்தனார் மகன் வருகிறான். பாவு அறுந்தால் ஏன் அறுந்தது என்று அவளுக்குத் தெரியும். கலவை இறுகும் நேரம் அவனுக்குத் தெரியும். அந்த அறிவுக்குக் கல்லூரியில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை! ஆங்கிலத்தில் கொட்டும் கணக்குப் பாடத்தில் முதற் பருவமே தவறிப்போய், "நமக்கு இது ஆகாது" என்று ஒதுங்குகிறார்கள். வாசலைத் திறந்துவிட்டு உள்ளே இருட்டில் விடுவதா சமநீதி?

கணிதம் குறைந்து போகும் என்று அஞ்சுவோர் உண்டு. அஞ்ச வேண்டாம், கணக்கு இல்லாமல் பாலம் நிற்காது. பாதி நேரம் பாடம் இருக்கத்தான் வேண்டும். பலகை வளைந்ததைப் பார்த்தவன்தான் அந்தக் கணக்கைப் பசியோடு படிப்பான் என்கிறோம். அத்தனை மாணவரைக் கண்காணிக்க ஆசிரியர் எங்கே என்பார்கள். நியாயமான கேள்வி. காலியிடங்களை நிரப்புங்கள் என்பதே விடை. ஆளில்லை என்று அறிவைக் குறைக்காதீர்கள்!

எனவே நாம் கேட்பது இவை. முதற் பருவத்திலேயே ஒரு திட்டவேலை வேண்டும். பலகைக்கும் கம்பிக்கும் ஆகும் செலவு கல்லூரியினுடையது; மாணவன் பையிலிருந்து ஒரு காசும் கூடாது. எடுத்துக்கொள்ளும் சிக்கல் சுற்றுவட்டாரத்துத் தறிக்கூடம், மீன்பிடித் துறை, சுமைக் கூடம் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். செய்த பொருளை முன்னே வைத்துத் தமிழில் கேள்வி கேட்க வேண்டும். கடையில் வாங்கியவன் அங்கே விழிப்பான். கேட்பவர் வரிசையில், அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகும் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கல்லூரிக்குப் போங்கள். முதலாண்டு மாணவனிடம், "தம்பி, இந்த ஆண்டு என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "என்ன படித்தாய்" என்றல்ல. "என்ன செய்தாய்" என்று! அவன் பதிலின்றி நின்றால், குற்றம் அவனுடையதல்ல. அந்த மௌனத்தைக் கிளைக் கூட்டத்தில் பேச்சாக்குங்கள்; கோரிக்கையாக்குங்கள். செய்யத் தெரிந்த கைகளின் பிள்ளைகள், செய்தே கற்கட்டும்!