கை பிசையும் குழந்தையும் பரிகாரக் கடையும்

பிறந்து ஒரு வயது வரை நன்றாய்ச் சிரித்து, தவழ்ந்து, "அம்மா" என்றும் சொன்ன ஒரு பெண் குழந்தை, பிறகு சொன்ன சொல்லையும் மறந்து, பொம்மை பிடித்த கையின் பழக்கத்தையும் இழந்து, இரு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்து ஓயாமல் பிசைந்துகொண்டிருக்குமானால், நம் நாட்டில் அதற்கு முதலில் கிடைப்பது வைத்தியமல்ல, ஜோசியந்தான். "போன ஜன்மப் பாவம்" என்பான் ஒருவன். "நாக தோஷம்" என்பான் இன்னொருவன். கை கூப்பியிருப்பதாய் எண்ணி "சாமி குழந்தை" என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவனும் உண்டு. இவர்களெல்லாம் ஒத்துப் பேசும் விஷயம் ஒன்றுதான். அதாவது, குற்றம் தாயினுடையது என்பது.

இந்நோய்க்கு ரெட் நோய் என்று பெயர். 1966ல் வியன்னா நகரத்து டாக்டர் ஆந்திரியாஸ் ரெட் இதை எழுதி வெளியிட்டார். 1999ல் அமெரிக்காவில் ஹூடா சோக்பி என்னும் பெண் டாக்டரின் ஆராய்ச்சிக் கூடத்தார், ஒரு ஜீனில் உண்டாகும் பிழையே காரணமென்று கண்டுபிடித்தார்கள். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகின்றது. இப்பிழை அநேகமாய்ப் பரம்பரையாய் வருவதல்ல, புதிதாய் நேர்வது, அதுவும் பெரும்பாலும் தகப்பன் வித்தில் நேர்வது. மனைவியைத் தள்ளி வைக்கும் புருஷர்கள் இவ்வரியை இரண்டு தரம் படிக்கட்டும்! தகப்பனும் இதில் குற்றவாளியல்ல என்பது வேறு சங்கதி. சொந்தத்தில் கலியாணம் செய்வதால் வேறு பல நோய்கள் பெருகுவது உண்மையே. ஆனால் இந்நோயை அதன் தலையில் கட்டுவதற்கில்லை.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகள் ஊரூராய் ஆஸ்பத்திரிகளுக்குக் காயங்கட்டும் துணி நெய்து அனுப்புகின்றன. அப்பக்கத்தில் மில்லுக்குப் போகும் ஒருத்திக்கு இப்படி ஒரு குழந்தை வாய்த்தால், அவள் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். கூலி போன பின் பரிகாரத்துக்குக் கடன் வேறு. மூளை வளர்ச்சிக் குறைவுள்ளவர்களுக்கு நமது சர்க்கார் தரும் உதவித் தொகை 2023ல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வலிப்பு மருந்துக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்த பின் இதில் என்ன மிஞ்சும்?

இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. 2023ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்தும் ஓரளவு குறைக்குமே தவிர தீர்க்காது. விலையோ ஏழைக்கு எட்டாதது. ஆனால் முதுகு கோணாமல் பயிற்சி கொடுக்கலாம், வலிப்பை அடக்கலாம், புரையேறாமல் ஊட்டக் கற்றுக் கொடுக்கலாம். வாய் பேசாவிட்டாலும் இக்குழந்தைகளின் கண் பேசும். சோற்றுப் படமும் தண்ணீர்ப் படமும் எதிரே பிடித்தால், வேண்டியதைப் பார்த்துக் காட்டும். இதற்கு இரண்டு அட்டைதான் செலவு.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலற்றுப் போன எஸ். இராமகிருஷ்ணன் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள சங்கரராமன் அவரோடு சேர்ந்து உழைத்தார். அச்சங்கத்து ஊழியர்கள் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்கள் செய்ததை, ஜில்லாவெங்கும் மோட்டாரில் போகும் அதிகாரிகளால் செய்ய முடியாதா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இரண்டிலும் வாரத்தில் ஒரு நாள், நரம்பு டாக்டரும் உடற்பயிற்சி வைத்தியரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரே அறையில் இருந்து இக்குழந்தைகளைப் பார்க்க வேண்டும். ஜீன் பரிசோதனைச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். அன்றைக்குத் தாய்க்குப் போகும் கூலியையும் பஸ் சார்ஜையும் அங்கேயே கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.