லட்சம் லூமன் எதற்கு? காலடி தெரிந்தால் போதாதா?

இரண்டு விரல் பருமன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. விசையை அழுத்தினால் தெருவே பகல் போல ஆகிவிடுகிறது!

இப்படிப்பட்ட குட்டி டார்ச் லைட்டுகள் இப்போது ஊர் ஊராக வந்து இறங்கியிருக்கின்றன. கடைத்தெருவில் கிடைக்கின்றன. செல்போனில் பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

பழைய டார்ச்சில் ஒரே ஒரு பல்பு இருக்கும். இதன் முகப்பைப் பாருங்கள். 3, 4, சிலவற்றில் 12 மஞ்சள் பொட்டுகள் கூடத் தெரியும். ஒவ்வொரு பொட்டும் ஒரு எல்.இ.டி. விளக்கு. அதைக் "கண்" என்று வைத்துக்கொள்வோம். இது பல கண் டார்ச்!

பெட்டியின் மேல் "10,000 லூமன்", "1,00,000 லூமன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். இது உண்மைதானா? இந்த டார்ச்சில் எதை மாற்றலாம்? எதைத் தொடக்கூடாது?

புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு இது வேடிக்கைக் கேள்வி அல்ல. உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

கஜா புயல் தந்த பாடம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவற்றோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

அப்படிப்பட்ட இரவில் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்? ஒரு நிமிடம் மின்னி மறையும் பெரு வெளிச்சமா? அல்லது விடியும்வரை அணையாத சிறு வெளிச்சமா?

புயல் இல்லாத நாளிலும் இருட்டு உண்டு. நள்ளிரவில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் விவசாயி வயலுக்குப் போகிறார். விடியுமுன்பே பூப்பறிக்கப் பெண்கள் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் இருட்டில்தான் படகைத் தள்ளுகிறார்கள்.

வரப்பில் நடப்பவருக்குப் பெரிய அபாயம் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஒரு ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2024-ம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடி பற்றி ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தகவல் தரவேண்டும் என்று அறிவித்தது.

வெளிச்சம் பாம்பை விரட்டாது. ஆனால் பாம்பை நம் கண்ணுக்குக் காட்டும். கண்டுகொண்டால் மிதிக்க மாட்டோம். அதற்கு 4, 5 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

லூமன் என்றால் என்ன?

ஒரு விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவே லூமன். உங்கள் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமன் தருகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். லட்சம் லூமன் என்றால் 110 பல்புகளின் வெளிச்சம்! அதற்கு ஏறத்தாழ 1,000 வாட் மின்சாரம் வேண்டும். ஒரு குதிரைச் சக்தி மோட்டாருக்கு வேண்டியது 746 வாட்தான்.

சட்டைப் பைக்குள் இருக்கும் ஒரு பாட்டரி, ஒரு குதிரைச் சக்தி மோட்டாரை ஓட்டுமா? ஓட்டாது!

இந்த டார்ச்சுகளில் பெரும்பாலும் "18650" என்ற லித்தியம் பாட்டரி இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். நல்ல பாட்டரியில் அடங்கும் மின்சாரம் சுமார் 11 வாட் மணி. அதாவது 11 வாட் வீதம் செலவழித்தால் ஒரு மணி நேரம் வரும். 1,000 வாட் வீதம் செலவழித்தால்? 40 வினாடிகூட வராது!

ஆகவே பெட்டியில் உள்ள லட்சம், வெறும் அச்சு மைதான்.

கையைச் சுடும் டார்ச்

நல்ல கம்பெனியார் செய்த நாலு கண் டார்ச் 3,000 லூமன் வரை தருவது உண்மையே. ஆனால் எவ்வளவு நேரம்?

3,000 லூமனுக்குச் சுமார் 30 வாட் வேண்டும். அதில் பெரும் பகுதி உஷ்ணமாகிறது. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் கோலே 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் டார்ச் கையைச் சுடும். நல்ல டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மட்டமான டார்ச் குறைக்காது. அதன் கண்கள் கருகும், பாட்டரியும் கெடும்.

அதே டார்ச்சை 100 லூமனில் வையுங்கள். ஒரு வாட் போதும். ஏறத்தாழ 10 மணி நேரம் எரியும். ஓர் இரவு முழுவதும்!

3,000 லூமன் நம் கண்ணுக்கு 100 லூமனைவிட 30 மடங்காகத் தெரியாது. வெளிச்சம் இரு மடங்காகத் தோன்றவேண்டுமானால் லூமன் ஏறத்தாழ நாலு மடங்கு ஏறவேண்டும். பாட்டரிதான் 30 மடங்கு வேகமாகக் காலியாகும்.

தூரமா? அகலமா?

"ஒரு கிலோ மீட்டர் பாயும்" என்பது இன்னொரு விளம்பரம். 2009-ம் ஆண்டு அமெரிக்காவில் டார்ச்சுகளுக்குப் பொது அளவுமுறை ஒன்று வந்தது. அதன்படி, பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம் எதுவரை விழுகிறதோ அதுவரைதான் "தூரம்". ஒரு கிலோ மீட்டர் பாயும் டார்ச் என்றால், அந்தக் கோடியில் நிலா வெளிச்சம்தான் இருக்கும். அங்கே கிடப்பது கயிறா, பாம்பா என்று தெரியாது.

ஒற்றைக் கண் டார்ச் வெளிச்சத்தைக் குவித்துத் தொலைவுக்கு அனுப்பும். பல கண் டார்ச் அகலமாகப் பரப்பும். ஒரே அளவு மின்சாரத்தை நாலு கண்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் அதிகம் சூடாகாது. தென்னந்தோப்பின் கடைசி மரத்தைப் பார்க்க ஒற்றைக் கண் நல்லது. வரப்பில் நடக்கவும் வீட்டுக்குள் புழங்கவும் பல கண் நல்லது.

வீட்டிலேயே சோதிக்கலாம்

ஒன்று: பாட்டரியை வெளியே எடுத்து நகைக்கடைத் தராசில் நிறுங்கள். நல்ல 18650 பாட்டரி 45 கிராம் அளவில் இருக்கும். மிகவும் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். "9,900 எம்.ஏ.எச்." என்று எழுதியிருந்தால் நம்பவேண்டாம். இந்த அளவுப் பாட்டரி 4,000-ஐத் தாண்டுவதே அரிது.

இரண்டு: இரவில் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையில் நிறுத்திக் கூரையை நோக்கி முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள். பிறகு அதே அறையில் 9 வாட் பல்பைப் போட்டுப் பாருங்கள். பல்புக்கே ஈடு கொடுக்காத டார்ச், 10,000 லூமனாக இருக்க முடியுமா?

மூன்று: சிறு வெளிச்சத்தில் வைத்து, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். புயல் நாளில் அந்த எண்தான் உதவும்.

என்ன மாற்றலாம்?

முதல் மாற்றத்துக்குக் காசு வேண்டாம். டார்ச்சைப் போட்டதும் சிறு வெளிச்சம் வரும்படி வைத்துப் பழகுங்கள். பெரு வெளிச்சம் அவசரத்துக்கு மட்டும்.

வீட்டுக்குள் வைக்க, முகப்பின் மேல் பால் நிற பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்க்கலாம். கண் கூசாது, அறை முழுவதும் ஒளி பரவும். ஆனால் சிறு வெளிச்சத்தில் மட்டுமே இதைச் செய்யவேண்டும். பெரு வெளிச்சத்தில் மூடி உருகும்.

பைக்குள் வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். பல டார்ச்சுகளில் அதுவே மின்தொடர்பை அறுத்துவிடும். பைக்குள் தானாக எரிந்து துணியைப் பொசுக்கும் அபாயம் இல்லை.

எலக்ட்ரானிக் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மேலும் இரண்டு மாற்றங்கள் செய்யலாம். நீலம் கலந்த வெள்ளைக் கண்களை எடுத்துவிட்டு, இளமஞ்சள் வெள்ளைக் கண்களைப் பொருத்தலாம். அவற்றில் நிறத்தைச் சரியாகக் காட்டும் தரம் உயர்ந்ததைக் கேட்டு வாங்கவேண்டும். காய்ந்த சருகுக்கும் சுருட்டை விரியனுக்கும் உள்ள நிற வித்தியாசம் அதில் நன்றாகத் தெரியும். உள்ளே மின்னோட்டத்தை அளந்து விடும் சிறு பலகையையும் மாற்றலாம். ஆனால் ஒரு விதி: வெளிச்சத்தைக் கூட்ட மாற்றாதீர்கள். நிதானமாக, நீண்ட நேரம் எரிய மாற்றுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

லித்தியம் பாட்டரியின் மேல் ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய பாட்டரியைப் போடாதீர்கள். மேலுறை கிழிந்த பாட்டரியைச் சாவி, சில்லறையோடு பையில் வைக்காதீர்கள். படுக்கையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இவற்றில் எதுவும் தீயில் முடியலாம்.

குழந்தையின் கண்ணுக்கு நேரே டார்ச் அடிப்பது விளையாட்டல்ல.

சர்க்கார் என்ன செய்யலாம்?

லித்தியம் பாட்டரிக்கு ஏற்கனவே சட்டம் உண்டு. ஐ.எஸ். 16046 தரப்படி பதிவு செய்யவேண்டும். அந்த எண்ணும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைத் தண்டிக்கிறது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஆனால் ஒவ்வொரு ஏழையும் தராசும் கடிகாரமும் வைத்துச் சோதிக்க முடியுமா? பெட்டியின் மேல் மூன்று எண்களைத் தமிழில், அளந்து பார்த்து அச்சடிக்கச் சொல்லவேண்டும். பத்து நிமிடம் எரிந்த பிறகு எத்தனை லூமன்? சிறு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம்? பாட்டரியின் உண்மை அளவு என்ன? இந்த மூன்றும் தெரிந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் ஏமாறமாட்டார்.

நீல எல்.இ.டி. விளக்கைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகசாகி, அமானோ, ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த மின்சாரத்தில் வெள்ளை வெளிச்சம் தர வழி செய்தார்கள் என்பதே காரணம். அப்படிப்பட்ட விளக்கை வீண் செலவு செய்வது நியாயமா?

கடைக்குப் போனால் "எத்தனை லூமன்?" என்று கேட்காதீர்கள். "விடியும்வரை எரியுமா?" என்று கேளுங்கள். இரவில் வயலுக்குப் போகும்போது காலில் செருப்பு, கையில் கம்பு, தரையைப் பார்த்து டார்ச். மீறிப் பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்து உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.