வெயிலின் நூறும் வண்டியின் நூறும்

மே மாதம் பிறந்துவிட்டால் வேலூருக்கு நாளிதழில் இடம் நிச்சயம். ‘வேலூரில் வெயில் சதம்’ என்று போடுவார்கள். அந்தச் சதம் பாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 37.8 டிகிரிதான். அதே மதியம் ஆம்பூர் பைபாஸில் போகிற பழைய காரின் பானட்டுக்குள்ளும் ஒரு நூறு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது செல்சியஸ் நூறு. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. தண்ணீர் நூறில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது யாருக்கும் மறப்பதில்லை. ஆனால் ரேடியேட்டர் மூடி குக்கர் மூடிக்கு உறவு. உள்ளே அது கட்டிவைக்கும் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியை நெருங்கித்தான் கொதிக்கும். கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்தால் அதற்கும் மேலே. பல கார்களில் தெர்மோஸ்டாட் வால்வு 82லிருந்து 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ஓட்டத்தில் கூலன்ட் சூடு 90ஐ ஒட்டி நிற்கும். டோல்கேட் வரிசையில் நின்றால் 95, 100 என்று ஏறும், ஃபேன் சுழலும், இறங்கும். 105ஐத் தாண்டியும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓரம்கட்ட வேண்டியதுதான்.

வெயிலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரேடியேட்டர் வெப்பத்தைக் காற்றுக்குத்தான் கொடுக்கிறது. வெளியே 25 டிகிரி என்றால் 95 டிகிரி கூலன்டுக்கும் காற்றுக்கும் இடைவெளி 70. வெளியே 42 என்றால் 53. ஏறக்குறைய கால் பங்கு பலம் வெயிலிலேயே போய்விடுகிறது. நல்ல ரேடியேட்டர் இதைத் தாங்கும். பாதி அடைத்த ரேடியேட்டர் தை மாதம் முழுக்கச் சமாளித்துவிட்டு, சித்திரையில் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பயத்தில் பிறந்ததுதான் நம் ஊர் வைத்தியம். ‘வெயில் ஊருக்கு வால்வு எதுக்கு?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன்பின் ஹைவேயில் இன்ஜின் சூடே பிடிக்காது. வண்டி இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், ஆயிலில் ஈரம் தங்கும். விற்பவருக்கோ வசதி: டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் கீழேயே கிடக்க, ‘கூல் இன்ஜின்’ என்று வாங்குபவர் மகிழ்ந்துபோவார். பதினைந்து நிமிடம் ஓட்டியும் முள் நடுவுக்கு வரவில்லையென்றால் சந்தேகப்படுவது நல்லது. நடுவில் நிற்கிற முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. கூலன்ட் 80 ஆனாலும் 100 ஆனாலும் அசையாத முள் உள்ள கார்கள் நிறைய. சில சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ரீடரைச் செருகினால் உண்மையான எண் போனில் தெரியும்.

ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, தண்ணீரை.

நீரில்லா ஆறு என்று சொலவடை கேலி பேசும் பாலாற்றங்கரை இது. இங்கே தோல் பதனிடும் டேனரிகளுக்கு வரும் பச்சைத்தோல், கெடாமலிருக்க உப்புப் போட்டு வரும். அங்கே முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. பல பத்தாண்டுகள் அந்தக் கழிவுநீர் ஆற்றிலும் மண்ணிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைக் குறிப்பிடுகிறது. இந்த நிலத்துப் போர் தண்ணீரைத்தான் ஹோஸ் பிடித்து ரேடியேட்டருக்குள் விடுகிறார்கள். வீட்டில் குடிக்க 20 லிட்டர் கேன். வண்டிக்கு மட்டும் போர் தண்ணீர்!

உப்பு அலுமினியத்தை அரிக்கும். கடினத்தன்மையோ, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே ஏடாக உள்ளே ஒட்டும். 1901ல் வந்த மெர்சிடிஸ் 35 ஹெச்.பி. காருக்கு வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 சின்னக் குழாய்கள். நீரை மெல்லிய இழைகளாகப் பிரித்துக் காற்றுக்குக் காட்டுவதுதான் அன்றும் இன்றும் சூத்திரம். இன்றைய தட்டைக் குழாய்களில் நீர் போகும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டர் ஏடு படிந்தால் என்ன மிஞ்சும்?

சின்னக் காருக்கு மொத்தமாகத் தேவைப்படுவது நாலைந்து லிட்டர். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சேர்த்து ஊற்றினால் போதும். ஒரு குடும்பம் ஒருவேளை பிரியாணி சாப்பிடுகிற செலவுகூட ஆகாது.

வண்டி பார்க்கப் போகிறவர் காலையில், இன்ஜின் தொடச் சில்லென்று இருக்கும்போதே போய்விட வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். திறந்து விரலை விட்டுப் பார்க்கையில் செம்மண் நிறம் வந்தால் துரு. வாயோரம் வெள்ளைப் பொருக்கு என்றால் போர் தண்ணீர். எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மூன்றும் இல்லையா? ஏலகிரிக்கு விடலாம். 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் பாரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரும் தாங்கி நிற்பவை. ஏசியைப் போட்டு, இரண்டாவது கியரில், உச்சிவெயிலில் ஏற வேண்டும். உச்சியில் நிறுத்தியதும் சாவியைத் திருகிவிடாமல் இரண்டு நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருக்கலாம். 101 என்று காட்டிய எண், ஃபேன் சத்தம் கேட்டதும் 98, 96, 94 என்று இறங்கினால், கீழே வரும் வழியிலேயே விலை பேச ஆரம்பிக்கலாம்.